மெதோர் சும்மா படுத்திருக்கிறான்

பொன்மலை
12-1-1978

செலின் அப்பாவுக்கு அற்புதம் எழுதுவது.

நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். அண்ணன் வீட்டில் எங்களுக்கு இடம் இருக்கிறது. தேடிக்கொண்டு வரவேண்டாம்.

குழந்தைக்குத் திருச்சி பெரியாஸ்பத்திரியில் ஊசி தொடர்கிறது. தொப்புளைச் சுற்றிப் போடுகிறார்கள், ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். அண்ணன் காலைப் பிடித்துக்கொள்கிறார், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளையைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. இன்று ஐந்தாவது ஊசி. கன்னத்தில் தையல் போடவில்லை, நாய்க்கடிக்குத் தையல் கூடாதாம். தழும்பு நிற்கும் என்றார்கள்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். சோறு தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, என்ன செய்கிறது என்று தினமும் எழுதிவைக்க வேண்டும். பத்து நாள் தாண்டியும் நன்றாக இருந்தால் கடிக்கும்போது அதற்கு வெறி இல்லை என்று அர்த்தம், ஊசியை நிறுத்திவிடலாம். பதினெட்டாம் தேதி தந்தி கொடுங்கள். அதுவரைக்கும்தான் அந்த நாய் உயிரோடு இருக்க வேண்டும். பத்தொன்பதாம் தேதி அது வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் எப்படிக் கடித்தது என்று கேட்டார்கள். பிள்ளை வாலை மிதித்துவிட்டாள் என்றேன். உங்களுக்காகச் சொன்ன பொய் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குழம்பில் புளி தூக்கல் என்று தட்டைச் சுவரில் வீசினீர்கள். நீங்கள் கத்தக் கத்த மெதோர் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது. பயந்துபோன பிள்ளை என்னிடம் ஓடிவர அதன் பக்கமாகத்தான் வழி இருந்தது. அது தபால்காரர் தியாகராசன் மேல் பாயும்போதெல்லாம் 'சபாஷ்டா' என்று சிரித்துக் கருவாட்டைத் தூக்கிப் போட்டது யார்? ஐஸ் கம்பெனி இரைச்சலில் ஆட்களை மேய்த்து மேய்த்துத்தான் இந்தக் குரல் வந்துவிட்டது என்று ஏழு வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிள்ளையின் கன்னத்தைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை.

அற்புதம்


திருமலைராயன்பட்டினம்
19-1-1978

அற்புதத்துக்கு,

நேற்றுக் காலையிலேயே தந்தி கொடுத்துவிட்டேன். மெதோர் நன்றாக இருக்கிறான். ஊசியை நிறுத்தச் சொல். எத்தனை பாக்கியோ அத்தனையாவது அவளுக்கு இல்லாமல் போகட்டும்.

டாக்டர் சொன்னபடி எழுதிவைத்தேன். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கொல்லையில் ஸ்டூலைப் போட்டு, கையில் காலண்டர் தாளோடு உட்கார்ந்தேன். முதல் நாள் 'குரைத்தது' என்று ஒன்பது தடவை எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாள் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் படுத்திருந்தான். காதைச் சொறிந்தான். காக்கையைப் பார்த்தான். மறுபடியும் படுத்துக்கொண்டான். பகலில் முக்கால்வாசி நேரம் இந்த நாய் சும்மாதான் இருக்கிறது, அற்புதம். மேலத் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டில் பிறந்த குட்டி, அந்த ஞாபகத்தில் அவர் வைத்த பிரெஞ்சுப் பெயரோடு தூக்கிவந்தேன். நாலு வருஷமாகிறது. அவன் சும்மா இருக்கும்போது ஒரு நாள்கூட நான் அவனைப் பார்த்ததில்லை. குரைத்தால் பார்ப்பேன். பார்த்தால் எதையாவது போடுவேன்.

ஆறாம் நாள் ஒரு நெத்திலிக் கருவாட்டை எடுத்துப்போய், அவன் சும்மா படுத்திருந்தபோது முன்னங்கால் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். ஒன்றும் பேசவில்லை. அவன் கருவாட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இது எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது.

விஷம் வைக்கக் கம்பெனியில் ஓர் ஆளிடம் சொல்லிவைத்திருந்தேன். இன்று காலையில் வந்தான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நான் பழக்கியதைத்தான் அவன் செய்தான். அதற்கு அவனைக் கொன்றுவிட்டு நான் உட்கார்ந்து சோறு தின்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு மாதிரி பழக்கிப் பார்க்கிறேன்.

தட்டை வீசியது தப்புதான். புளி தூக்கல் என்பதும் நிஜம்தான்.

சிலுவைராஜ்


பொன்மலை
2-2-1978

செலின் அப்பாவுக்கு,

தந்தி வந்தது. 'நாய் நலம்' என்று இரண்டே வார்த்தை. அண்ணன் செல்வநாதன் வாசித்துவிட்டு, "மாப்ள பொண்டாட்டி புள்ளய கேக்கல, நாய் சவுரியத்த மட்டும் சொல்லிருக்காரு" என்றார். பன்னிரண்டோடு ஊசி நின்றது. அதற்கு மட்டும் நன்றி.

பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று கேட்பீர்கள். புளி தூக்கல் என்பதும் நிஜம்தான் என்ற வரிக்கு வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நேற்றுத்தான் மறுபடி எடுத்தேன்.

நாயை நீங்கள் கொல்லவில்லை. சரி. உங்கள் வீடு, உங்கள் நாய். என் பக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே யாராவது ரேடியோவைச் சத்தமாக வைத்தால்கூடச் செலின் கையால் கன்னத்தை மூடிக்கொள்கிறாள். ஜூனில் அவளை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தாக வேண்டும். இங்கே கான்வென்டில் அண்ணன் கேட்டு வைத்திருக்கிறார். அங்கேயா, இங்கேயா என்று நான்தான் முடிவு செய்யவேண்டும். பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதிவிட்டால் அப்புறம் திரும்பி வருவதென்ற பேச்சு இல்லை. பிள்ளையைக் கூட்டிவரக்கூடிய வீடா அது என்று ஜூனுக்குள் எனக்குத் தெரியவேண்டும்.

நாயை வேறு மாதிரி பழக்குகிறேன் என்கிறீர்கள். சிரிப்புத்தான் வருகிறது. பழக்குகிறவர் யார் என்று நினைத்தேன்.

அற்புதம்


திருமலைராயன்பட்டினம்
12-3-1978

அற்புதத்துக்கு,

நீ சிரித்தது சரிதான். முதல் மாதம் நானே சிரிப்புக்கு இடமாகத்தான் இருந்தேன்.

சட்டைப் பையில் நெத்திலியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு அலைகிறேன். கம்பெனியில் பூனைகள் பின்னால் வருகின்றன. வீட்டில் மெதோர் எப்போது சும்மா படுத்திருக்கிறானோ, தாடையைத் தரையில் வைத்திருக்கிறானோ, தெருவில் சைக்கிள் போவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறானோ, அப்போது போய் ஒரு துண்டு வைப்பேன். குரைத்தால் ஒன்றும் கிடையாது. திட்டவும் மாட்டேன், திரும்பவும் மாட்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அதட்டிவிட்டேன். ஒரு வாரத்து வேலை போயிற்று.

சந்தோஷத்தில் 'நல்லவன்டா' என்று சத்தமாகச் சொன்னாலும் துள்ளி எழுந்து ஆட ஆரம்பித்துவிடுகிறான். வாயைத் திறக்காமல் வைத்துவிட்டு வந்தால்தான் படுத்தபடியே தின்கிறான். ஆகவே கதவை மெதுவாகத் திறக்கிறேன், பாத்திரத்தை மெதுவாக வைக்கிறேன். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னண்ணே, வூட்டுல ஆளு இருக்கா இல்லியான்னே தெரியல, ஒடம்புக்கு சொகமில்லியா?" என்று கேட்டாள்.

போன வாரம் சங்கிலியை அவிழ்த்தேன். தியாகராசன் உன் அண்ணன் கடிதத்தோடு வந்தார். மெதோர் தலையைத் தூக்கிப் பார்த்தான், மறுபடி கீழே வைத்துக்கொண்டான். தியாகராசன் கேட்டுக்கு வெளியே பத்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

இன்னொன்று எழுத வேண்டும். நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன். நீயும் இந்த வீட்டில் ஏழு வருஷம் சத்தமில்லாமல் இருந்தாய். காலையில் காபி வரும், வேட்டி துவைத்து மடித்து இருக்கும், பிள்ளை குளித்துத் தலைசீவி நிற்பாள். அதையெல்லாம் ஒருநாளும் நான் பார்க்கவில்லை. புளி ஏறினால்தான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன். இது எனக்குத் தெரியவர ஒரு நாய் வேண்டியிருந்தது என்பது வெட்கமாக இருக்கிறது.

செலினிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லவேண்டாம்.

சிலுவைராஜ்


பொன்மலை
20-4-1978

செலின் அப்பாவுக்கு,

கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

அண்ணனிடம் காட்டினேன். "பேனாவுல யாரும் கத்த முடியாது தங்கச்சி, நேர்ல என்னன்னு பாக்கணும்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு உங்கள் எழுத்து தெரியும், நீங்கள் இப்படி எழுதக்கூடியவர் என்று தெரியாது. நம்புவதற்குப் பயமாக இருக்கிறது.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வாசலில் உங்கள் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும். மெதுவாகப் போட்டால் மூச்சு விடுவேன். ஓங்கி உதைத்தால் செலினைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோயிலிலிருந்து நடந்து வந்தீர்கள். அதனால்தான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஜனவரியிலிருந்து இன்று வரைக்கும் எத்தனை தடவை கத்தினீர்கள்? கம்பெனியை விடுங்கள், வீட்டில். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒன்றுமில்லை என்று எழுதினால் நான் நம்பமாட்டேன்.

அற்புதம்


திருமலைராயன்பட்டினம்
7-5-1978

அற்புதத்துக்கு,

நாலு தடவை.

முதலாவது, பிப்ரவரியில் மெதோரை அதட்டியது, முன்பே எழுதிவிட்டேன். இரண்டாவது, தண்ணீர் வராத குழாயைத் திட்டியது. அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நீயே முடிவுசெய். மூன்றாவது, குஞ்சம்மா வீட்டு ஆடு உன் கனகாம்பரச் செடியை மேய்ந்தபோது. நாலாவது போன வாரம். வாஞ்சூர்ப் பக்கமிருந்து எங்கோ ஓடிவந்த தெருநாய் ஒன்று கொல்லைக்குள் புகுந்து மெதோரை மூக்கிலும் கழுத்திலும் கடித்துவிட்டது. அவன் பாட்டுக்குச் சும்மா படுத்திருந்தான், பாவம். கட்டையை எடுத்துக்கொண்டு கத்தித் துரத்தினேன். மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போட்டேன், புண் ஆறிவிட்டது. அன்று கத்தியதற்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை.

கம்பெனியிலும் குறைத்துக்கொண்டேன். பக்கத்தில் போய் நின்று சொல்கிறேன். ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுக்கிற ஆட்களுக்கு முதலில் பயமாக இருந்ததாம், மேஸ்திரி வேலையை விட்டு எடுக்கப்போகிறார் என்று.

நம் பள்ளிக்கூடத்தில் ஜூன் பன்னிரண்டாம் தேதி பெயர் எழுதுகிறார்கள். விசாரித்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை.

சிலுவைராஜ்


பொன்மலை
22-5-1978

செலின் அப்பாவுக்கு,

குழாயைச் சேர்க்கவில்லை. மூன்று என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் வண்டியில் வருகிறோம். நேராக வீட்டுக்கு வரமாட்டோம். முதல் மூன்று நாள் குஞ்சம்மா வீட்டில் இருப்போம், அவளுக்குத் தனியாக எழுதிவிட்டேன். செலின் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து மெதோரைப் பார்க்கட்டும். அவளாகக் கேட்டால்தான் உள்ளே. நீங்களும் வேலிக்கு அந்தப் பக்கம்தான். மனத்தாங்கல் வேண்டாம்.

அண்ணனுக்கு இதில் இஷ்டமில்லை. என் இஷ்டத்துக்கு வருகிறேன். செலினிடம் சொன்னேன். "அப்பாவும் சங்கிலிய அவுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அற்புதம்


திருமலைராயன்பட்டினம்
4-6-1978

அற்புதத்துக்கு,

இன்னும் ஒரு வாரம். வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

மெதோரை நீ பார்க்கவேண்டும். நாலு நாளாக அவன் இருக்கிற இருப்பை நான் ஜனவரியில் கனவுகூடக் கண்டதில்லை. மீன்காரி கூவிக்கொண்டு போனாலும் தலையைத் தூக்குவதில்லை. கட்டிலுக்கு அடியில் இருட்டில் படுத்தால் படுத்தபடி. குஞ்சம்மா வீட்டு ஆடு அவன் சோற்றுத் தட்டிலேயே வாய் வைத்தது, பார்த்துக்கொண்டு கிடந்தான். செலின் அவன் காதைப் பிடித்து இழுத்தாலும் எழுந்திருக்கமாட்டான். அவ்வளவு சாது.

வெயில் வேறு. வாயைத் திறந்தபடி வைத்துக்கொண்டு எச்சில் வழிய விடுகிறான். கருவாட்டை வைத்தால் கவ்வத் தெம்பில்லாமல் கீழே விட்டுவிடுகிறான். இத்தனை நன்றாக இருப்பவனுக்குக் கொடுக்காமல் விட மனம் வரவில்லை. மடியில் தலையை வைத்து, வாய்க்குள்ளே கையை விட்டு, தொண்டை வரைக்கும் தள்ளிக் கொடுக்கிறேன். ஏதாவது முள் சிக்கியிருக்குமோ என்று விரலால் துழாவியும் பார்த்தேன், ஒன்றுமில்லை. அவன் என் கையைக் கடிக்கவே இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் வாய்ப்பக்கம் கை கொண்டுபோக முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். குஞ்சம்மா வீடு வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரலாம் இல்லையா? அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.

சிலுவைராஜ்


பொன்மலை
7-6-1978

செலின் அப்பாவுக்கு,

இதற்கு முன்பே என் தந்தி கிடைத்திருக்கும். விவரம் இதில் எழுதுகிறேன். படித்ததும் புறப்படுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சந்தோஷமாக எதிர் குவார்ட்டர்ஸ் பங்கஜவல்லிக்குப் படித்துக் காட்டினேன். பெரியாஸ்பத்திரியில் செலினுக்கு ஊசி போட்ட நர்ஸ் அவர். பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். வாய் தொங்குகிறதா, எச்சில் வழிகிறதா, இருட்டில் ஒதுங்குகிறதா, வேறு நாய் கடித்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் உங்கள் கடிதங்களிலேயே பதில் இருந்தது. வெறிநோயில் இப்படியும் ஒரு வகை உண்டாம். ஓடாது, கடிக்காது, குரைக்காது. தாடை விழுந்து, சாதுவாகி, நாலைந்து நாளில் செத்துவிடும். வாஞ்சூர்ப் பக்கமிருந்து வந்த நாய்தான் கொடுத்திருக்கிறது.

கையை வாய்க்குள் விட்டார் என்று சொன்னதும் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "கடிக்கலன்னாலும் எச்சில் போதும்மா. பதினாலு ஊசியும் ஒடனே போட்டாகணும், ஒரு நாளும் தள்ளக் கூடாது" என்றார்.

நாயைத் தொடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளையைக் கூட்டிவர முடியாது. இப்போது அதைப் பேச நேரமில்லை. போங்கள்.

அற்புதம்


திருமலைராயன்பட்டினம்
9-6-1978

அற்புதத்துக்கு,

மெதோர் செவ்வாய்க்கிழமை செத்துப்போனான். உன் தந்தி வரும்போது புதைத்து ஒரு நாளாகிவிட்டது. கொல்லையில் நானே குழி வெட்டினேன்.

நாயைக் கண்ணால் பார்க்காத நர்ஸ் ஒருத்தி பொன்மலையில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு வெறி என்கிறாள், நீயும் நம்பிவிட்டாய். வெயில் தாங்காமல் செத்தான். வயிற்றில் ஏதாவது இருந்திருக்கும். வெறிநாய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இவன் ஈயைக்கூட விரட்டவில்லை. ஒரு பல்கூட என் மேல் படவில்லை. கடிக்காத நாய்க்கு எதற்கு ஊசி?

அந்த அமைதியை நான் உண்டாக்கினேன், அற்புதம். ஐந்து மாதம். பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக. அதை வியாதி என்று சொன்னால் நான் செய்தது என்ன? நான் மாறியதும் வியாதிதானா? நான் போய் ஊசிக்கு வரிசையில் நின்றால் ஊர் என்ன சொல்லும்? அவர் வளர்த்தது வெறிநாய், பிள்ளையைக் கடித்ததும் வெறியில்தான் என்று சொல்லும். உன் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு உன்னை என்றைக்காவது அனுப்புவாரா?

நான் கத்தவில்லை. எழுத்து பெரிதாக வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னாய், வா.

சிலுவைராஜ்


பொன்மலை
13-6-1978

செலின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பகல் வண்டி போன பிறகு அவிழ்த்தேன். பன்னிரண்டாம் தேதியும் போய்விட்டது. இங்கே கான்வென்டில் பெயர் எழுதவில்லை. ஒரு மாதம் பொறுத்துச் சேர்க்கலாமா என்று மதரிடம் கெஞ்சிக் கேட்டு வந்திருக்கிறேன்.

பல் படவில்லை என்கிறீர்கள். விரல்கள்? ஏழு வருஷத்தில் உங்கள் விரல்களை வெட்டும் கீறலும் இல்லாமல் நான் பார்த்ததில்லை. கொக்கியும் ஐஸும் உப்புத்தண்ணீரும் பட்ட கை. சோறு பிசையும்போது எரிகிறது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அந்தக் கையைத்தானே உள்ளே விட்டீர்கள்?

உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துத் தேதி பார்த்தேன். பிப்ரவரியில் தியாகராசனை உள்ளே விடாத நாய் மார்ச்சில் விட்டது. சங்கிலி இல்லாமல் ஏப்ரல் முழுக்க இருந்தது. அது நீங்கள் செய்தது. அதை எந்த நர்ஸும் உங்களிடமிருந்து எடுக்க முடியாது, எடுக்க நான் விடமாட்டேன். கடைசி ஆறு நாள் மட்டும்தான் வியாதி. உங்களுக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கும் தெரிந்திருக்காது.

ஊசி போட்டு முடித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். சீட்டெல்லாம் கேட்கமாட்டேன். நீங்கள் எழுதினால் நான் நம்புவேன். அடுத்த வண்டியில் வருவேன்.

அற்புதம்


திருமலைராயன்பட்டினம்
2-7-1978

அற்புதத்துக்கு,

ஊசி போட்டு முடித்தேன். பதினாறாம் தேதி ஆரம்பித்து இருபத்தொன்பதோடு பதினாலும் ஆயிற்று. செலினுக்கு எப்படி வலித்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

வா.

சிலுவைராஜ்


பொன்மலை
6-7-1978

செலின் அப்பாவுக்கு,

நன்றி என்று எழுதுவதா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பங்கஜவல்லியிடம் சொன்னேன், அவரும் சிலுவை போட்டுக்கொண்டார், அவர் நம் வேதம்கூட இல்லை.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். குஞ்சம்மா வீடு வேண்டாம். நேராக வீட்டுக்கு வருகிறோம். பெட்டி கனமாக இருக்கும், பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள்.

அற்புதம்


காரைக்கால், ஆஸ்பத்திரி
12-7-1978

அற்புதத்துக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி.

நான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றுகூட. ஜூன் பதினாறாம் தேதி இங்கே வாசல் வரைக்கும் வந்தேன். வரிசையில் குஞ்சம்மாவின் தம்பி நின்றான். "என்ன மேஸ்திரி, ஒங்க நாய் ஒங்களையே கடிச்சுட்டா?" என்றான். சும்மா வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று நினைத்தேன். பிறகு நீ ஒரு வரி போதும் என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வரிதானே என்று எழுதிவிட்டேன். நீ நம்புவாய் என்று தெரிந்தே எழுதினேன்.

ஐந்து நாளாக வலது கை விரல்களில் எறும்பு ஊர்கிறது. திங்கட்கிழமை கம்பெனியில் குழாயைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் தொண்டை இறுகி மூச்சு நின்றுவிட்டது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீட்டு எழுத எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்கு அதுவே போதும்.

தனி அறையில் வைத்திருக்கிறார்கள். இப்போது தெளிவாக இருக்கிறேன். நாளைக்கோ மறுநாளோ ஆள் அடையாளம் தெரியாமல் போகுமாம், கத்துவேனாம். இங்கே இருக்கிற சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் கத்தல் எப்படி இருக்கும் என்று மற்றவர்களை விட உனக்குத் தெரியும். ஆகவே வராதே. செலினைக் கூட்டிவரவே கூடாது. ஐந்து மாதம் நான் சத்தமில்லாமல் இருந்தேன், அதை நீ பார்க்கவில்லை, கடிதத்தில்தான் படித்தாய். படித்தது அப்படியே இருக்கட்டும். இதை வந்து பார்த்தால் அது போய்விடும்.

செலின் கன்னத்துத் தழும்புக்கு நான்தான் காரணம். அவள் வளர்ந்து கேட்டால் நாய் என்று சொல்லாதே. அவளைக் கான்வென்டில் சேர்த்துவிடு. வீட்டுச் சாவி குஞ்சம்மாவிடம் இருக்கிறது.

உன்னை நான் நன்றாக வைத்துக்கொள்ளவில்லை. தெரிந்துகொண்ட பிறகு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

சிலுவைராஜ்


காரைக்கால், ஆஸ்பத்திரி வராந்தா
15-7-1978

செலின் அப்பாவுக்கு,

நேற்றுக் கடிதம் வந்தது, இன்று காலையில் வந்து சேர்ந்தேன். செலின் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவளைக் கூட்டிவரவில்லை.

என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். இங்கே ஆயா வேலை பார்க்கும் ஆஸியா பீவி இந்தத் தாளை உள்ளே கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் படிக்கிற நிலையில் இல்லையாம். "நான் வாசல்ல நின்னு சத்தமா படிக்கிறேம்மா, அல்லா இருக்கான், காதுல விழும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

பொய் சொன்னதற்கு உங்கள் மேல் எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது. அது என்னோடு இருக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன். வராதே என்றீர்கள், வந்துவிட்டேன். நீங்கள் எழுதியதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். இதைக் கேட்டால் அது போய்விடும் என்று பயப்படாதீர்கள். எது வியாதி, எது நீங்கள் என்று எனக்குப் பிரிக்கத் தெரியும்.

உங்கள் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கிறது. இங்கே இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் பெஞ்சை உங்கள் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கத்துங்கள். நான் எழுந்து போகமாட்டேன்.

அற்புதம்